ராயப்பன்பட்டிக் கோடு

மாசி 10, சனிக்கிழமை

சைக்கிள் பந்தயத்தில் இன்றைக்கு இரண்டாம் நாள். வழக்கமாக வழியில் சில ஊர்களில் கோடு போட்டு, அதை முதலில் தாண்டுகிறவனுக்குப் பச்சை பனியன் கொடுப்போம். இந்த வருஷம் அதை நிறுத்திவிட்டோம். கமிட்டியில் நானும் கை தூக்கினவன்தான். அப்படியிருந்தும் காலையில் ராயப்பன்பட்டி சர்ச் முன்னால், பழக்க தோஷத்தில், சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. அழிக்கத் தண்ணீர் தேடுவதற்குள் பந்தயக்காரர்கள் வந்துவிட்டார்கள். கோட்டைப் பார்த்ததும் கெங்குவார்பட்டி முருகேசன் எழுந்து நின்று மிதித்தான். லேத் பட்டறைக்காரன். மலையேற்றம் அவனுக்கு வராது. வருஷா வருஷம் அந்தப் பச்சை பனியனுக்காகத்தான் வருவான். இருந்த தெம்பையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டான். குமுளி ஏற்றத்தில் கால் பிடித்துக்கொண்டது. கெடு நேரம் தாண்டித்தான் மேலே வந்து சேர்ந்தான். நாளைக்கு அவன் ஓட்ட முடியாது.

சாயங்காலம் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். “அண்ணே, பச்சை பனியன் இந்த வருஷம் இல்லங்கிறாக. அப்ப அங்கன கோடு எதுக்குண்ணே?”

“ஊர்க்காரங்க ஆசைக்குப் போட்டிருப்பாக” என்றேன். வாய் கூசவில்லை.

“அவுகளச் சொல்லிக் குத்தமில்லண்ணே. நோட்டீஸ நாந்தான் ஒழுங்கா வாசிக்கல” என்று சிரித்தான்.

அவன் கோட்டைத் தாண்டினபோது ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன். தட்டத் தட்ட என் கையிலிருந்து சுண்ணாம்பு பறந்தது.