இடது பக்கத்துக் குழந்தை

அம்பத்தூர்
18.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சௌமியா எழுதிக்கொள்வது. நீங்கள் என் போனை எடுப்பதே இல்லை என்று அண்ணனிடம் சொல்லி அழுதேன். "உன் குரலக் கேட்டா அன்னிக்கு நீ பீச்சுல கத்தினதுதான் காதுல விழுதுன்றா. போன் வேணாம்மா. எதுனா சொல்லணும்னா எழுதிப் போடு, படிச்சாலும் படிப்பா" என்றார். பள்ளிக்கூடம் முடித்த பிறகு இவ்வளவு நீளமாகக் கையால் நான் எழுதியதே இல்லை. தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால் தெளித்த அன்று உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். எனக்குக் கோபமில்லை. எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தமானில் என்ன நடந்தது என்று ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறார்கள். உங்களிடம் நானே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

கப்பலில் வாந்தி எடுத்து நீங்கள் ரூமில் சுருண்டு படுத்திருந்தீர்கள். உங்களுக்கு மாத்திரை வாங்க அண்ணனும் வளவன் அப்பா ராஜீவும் கடைத்தெருவுக்குப் போனார்கள். நம் வள்ளியும் என் வளவனும் விடியற்காலையிலிருந்து "தண்ணி, தண்ணி" என்று ஒரே நச்சரிப்பு. பெரியவர்களுக்கு முழங்கால் அளவுகூட இல்லாத இடமாகப் பார்த்துத்தான் விட்டேன். தண்ணீரில் உட்கார்ந்து ஆடினார்கள். தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. போன் என் பையில் இருந்தது அண்ணி. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இரண்டு மொட்டைத் தலைகளை. இரண்டும் ஆடிக்கொண்டிருக்கின்றன, சரி. மறுபடி பார்க்கிறேன், இரண்டும் இருக்கின்றன, சரி. அந்தக் கரையில் மூன்றாவதாக ஒரு மொட்டை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நெல்லூர்ப் பக்கத்துக் குடும்பமாம். திருப்பதியில் முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா "சின்னா, ரா" என்று கூப்பிட்டாள். ஒரு மொட்டை திரும்பியது. அது வள்ளி இல்லை.

அவள் எப்போது எழுந்து பாறைப் பக்கம் கிளிஞ்சல் பொறுக்கப் போனாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே பள்ளம் இருந்ததும் தெரியாது. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது.

வேளாவேளைக்கு ஏதாவது சாப்பிடுங்கள்.

உங்கள்,
சௌமியா


திருத்தணி
22.7.2024

சௌமியாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. டீவி மேலேயே கிடந்தது. நேற்றுதான் பிரித்தேன்.

நீ போன் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னவர்களிடம் சண்டைக்கும் போகவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நீ தலையை எண்ணியிருக்கிறாய். பெற்றவள் எண்ண மாட்டாள். கரை முழுக்க மொட்டையாக இருந்தாலும் அதில் என் பிள்ளை எது என்று எனக்குத் தெரிந்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும். நான் போயிருந்தால் அவள் இருந்திருப்பாள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்துக் கிடந்தேனே என்பதுதான் என்னைத் தின்கிறது. உன்மேல் இருக்கிற கோபம் அதற்கு அப்புறம்தான்.

நம் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்குகிற கூட்டம் பாதி இந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். நாள் தவறாமல் சந்தனம் பூசிய மொட்டைகள் பலூனுக்கும் பீப்பிக்கும் அழுதுகொண்டு ஜன்னலுக்கு வெளியே போகின்றன. ஆடிக் கிருத்திகை வரப்போகிறது, இன்னும் எத்தனை தலையோ. எல்லா ஊரிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வாசலில் இப்படி நடக்காது. உன் அண்ணனிடம் வேறு ஊரில் வீடு பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ் கடையை விட்டுவிட்டு எங்கே போவது என்கிறார்.

எழுதாதே என்று சொல்லவில்லை. பதில் வரும் என்று எதிர்பார்க்காதே.

தேவயானி


அம்பத்தூர்
19.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எதிர்பார்க்காதே என்றீர்கள். அதனால் ஆறு மாதம் தள்ளி எழுதுகிறேன். இந்தத் தடவை மழையில் உங்கள் பின்கட்டில் தண்ணீர் இறங்கியதாம், அண்ணன் சொன்னார். துணிமணியெல்லாம் நனையாமல் எடுத்து வைத்தீர்களா? இருமல் எப்படி இருக்கிறது?

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை, சீரும் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காணும் பொங்கலன்று அண்ணன் ரயிலேறி வந்து நின்றார். வளவனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். காபி போட்டேன், ஆறிப்போய் அப்படியே இருந்தது. உங்கள்மேல் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வளவன் "மாமா" என்று ஓடிவந்து மடியில் ஏறினான். அண்ணன் சட்டென்று அவனை இறக்கிவிட்டு எழுந்து நின்றுகொண்டார். ரயிலுக்கு நேரமாச்சு என்றார். அடுத்த ரயிலுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. என் பையன் நான் என்ன தப்பு செய்தேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனுக்கு முடி காதை மூடிவிட்டது. நான் வெட்டவில்லை. "பையனா பொண்ணா, இன்னாம்மா கோலம் இது" என்று ஸ்கூல் மிஸ் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டு போகட்டும். கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே அவனை இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு மலையில் மொட்டை அடித்த கையோடு காதும் குத்திவிடலாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டோம். ஊசியைக் கண்டதும் இரண்டும் ஒரே அலறல். "ஊருக்குப் போயிட்டு வந்து குத்திக்கலாம், இப்ப உடுங்க கொழந்தைங்கள" என்று நீங்கள்தான் காப்பாற்றிவிட்டீர்கள். வளவனுக்கு அது அப்படியே நிற்கிறது. வருஷத் திதி முடிந்து ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் ராஜீவ். அண்ணன் வராவிட்டால் ஒன்றுவிட்ட அண்ணன் யாராவது மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வளவனுக்குத் தாய்மாமன் என்று இருப்பது என் ஒரே அண்ணன். அவர் மடியில் உட்காராமல் என் பிள்ளைக்குக் காது குத்த வேண்டாம். அண்ணனைக் கேட்டால் "உங்க அண்ணி இன்னா சொல்லுதோ அதான்" என்கிறார்.

அதனால் உங்களைக் கேட்கிறேன் அண்ணி. நான் உங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. விசேஷத்தில் ஒரு மூலையில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். அவனை மட்டும் தள்ளி வைக்காதீர்கள்.

உங்கள்,
சௌமியா


திருத்தணி
16.2.2025

சௌமியாவுக்கு,

மடி உன் அண்ணனுடையது. அதில் யாரை உட்கார வைக்கலாம் என்று நான் சொன்னதில்லை. அவருக்கே முடியவில்லை. அன்றைக்கு அம்பத்தூரிலிருந்து வந்தவர் கை கால்கூடக் கழுவாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். "அதே கனம்தான் தேவி" என்றார். உன் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவனிடம் சொல்.

காது குத்துக்கு இப்போது பதில் சொல்ல என்னால் ஆகாது. திதி வரட்டும்.

நான் ஒன்று கேட்கிறேன். அன்று காலை எடுத்த படம் ஏதாவது உன்னிடம் இருக்கிறதா? ரூமை விட்டுக் கிளம்பும்போது "அம்மா, டாட்டா" என்றாள். தலை சுற்றிக்கொண்டிருந்தது, நான் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். உயிரோடு அவளைக் கடைசியாகப் பார்த்தவள் நீ. நான் இல்லை. என்ன சட்டை போட்டிருந்தாள் என்பதுகூட அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

இருந்தால் அனுப்பு. போனில் வேண்டாம். கையில் பிடிக்கிற மாதிரி அனுப்பு.

தேவயானி


அம்பத்தூர்
2.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரே ஒரு படம் இருக்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. ராஜீவுக்கும் தெரியாது. பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

ஓட்டலிலிருந்து கடலுக்கு இறங்குகிற மணல் பாதை. இரண்டும் எனக்கு முன்னால் ஓடுகின்றன, பின்னாலிருந்து எடுத்தேன். முகம் தெரியாது. திரும்புங்கடா என்று கத்தினேன், தண்ணீரைக் கண்ட பிறகு எங்கே திரும்பப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் போர்ட் பிளேயரில் நீங்கள் வாங்கிக் கொடுத்த அதே மஞ்சள் பனியன்.

இடது பக்கம் நம் வள்ளி. வலது பக்கம் வளவன். குதிகாலைத் தூக்கித் தூக்கி நடப்பாளே, பாருங்கள், தெரியும். எத்தனை ராத்திரி இதைப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

காது குத்தைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன்.

உங்கள்,
சௌமியா


திருத்தணி
8.6.2025

அன்புள்ள சௌமியாவுக்கு,

அண்ணி எழுதுவது. போன மாதம் திதி முடிந்தது. உனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நீ உன் வீட்டில் விளக்கு ஏற்றினாய் என்று உன் அண்ணன் சொன்னார்.

நீ அனுப்பிய படத்தைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் எடுப்பேன். இடது பக்கக் குழந்தையின் மொட்டையை விரலால் தடவுவேன். குதிகாலைப் பார்ப்பேன், அவளேதான் என்பேன். மார்ச் மாதம், ஏப்ரல் மாதம் முழுக்க இதுதான் என் வேலை. ஊரில் பார்த்தவர்கள் நான் தேறிவிட்டேன் என்று பேசிக்கொண்டார்கள்.

திதிக்கு அவளை மட்டும் தனியாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரும்படி உன் அண்ணனிடம் சொன்னேன். "மூஞ்சி தெரியற படம் அத்தினி இருக்குது, இது எதுக்கு" என்று கேட்டார். என்னை விட்டுப் போகும்போது அவள் இப்படித்தான் போனாள், எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். அவரும் பார்த்தார். இடது பக்கமா வலது பக்கமா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவராகவே இடது பக்கத்தைத்தான் பெரிதாக்கிக்கொண்டு வந்தார்.

திதியன்று விடியற்காலையில் சுவரில் மாட்டினார். மாலையோடு கிட்டே போனேன். சட்டத்துக்கு மேல் கையைத் தூக்கியபோதுதான் அந்தக் காது என் கண்ணுக்கு நேராக வந்தது.

மலையில் முடி இறக்கும்போது அவள் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாளா? வலது காதுக்குப் பின்னால் கத்தி பட்டு ரத்தம் வந்தது. நான் அந்த ஆளைத் திட்டினேன். "விடுங்கண்ணி, கொழந்தைதான ஆடிகினு இருந்துச்சு" என்று நீ என்னை இழுத்துக்கொண்டு வந்தாய். ஊருக்குக் கிளம்புகிற அன்றும் அந்தக் கீறலில் நான்தான் மஞ்சள் வைத்தேன். பெரிதாக்கிய படத்தில் வலது காதுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வழவழவென்று இருக்கிறது. தலையணையடியிலிருந்து உன் படத்தை எடுத்துக்கொண்டு ஓடி, கடையில் இருக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கீறல் வலது பக்கக் குழந்தைக்கு இருக்கிறது.

சௌமியா, நான் மாலை போட இருந்தது உன் பிள்ளைக்கு. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. மாலை கையிலிருந்து விழுந்துவிட்டது. உடனே அம்பத்தூருக்குப் போன் போடச் சொன்னேன், என்ன ஏது என்று கேட்காமல் அவர் போட்டார். நீ எடுத்தாய். "ஆங், வளவன் தூங்கறான், ஏண்ணே இந்நேரத்துல" என்றாய். அந்தப் போன் எதற்கு என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்று உன் குரலை நானும் கேட்டேன்.

பெற்றவள் எண்ண மாட்டாள், பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று உனக்கு எழுதினேன். தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. பெற்ற அப்பனுக்கும் தெரியவில்லை. வெயிலில், அலையில், அவ்வளவு தூரத்தில் உனக்குத் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல. நான் போயிருந்தாலும் அந்த நெல்லூர்க் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் போயிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்கிற நினைப்பாவது என்னிடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இன்னொன்று. கடல் தாண்டிப் போகிறோம், இரண்டு பிள்ளைகளுக்கும் முடி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வேண்டிக்கொண்டது நான். "வந்து பாத்துக்கலாம் அண்ணி, போட்டோவுல நல்லா இருக்காது" என்று நீ சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. மூன்று கடிதம் எழுதினாய். ஒன்றிலாவது அதைச் சொல்லிக்காட்டுவாய் என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டே பிரித்தேன். நீ சொல்லவில்லை.

கனகம்மாசத்திரத்தில் வீடு கிடைத்துவிட்டது. ஆவணி பிறந்ததும் போகிறோம். ரோட்டோரம், லாரிச் சத்தம் காதைக் கிழிக்கிறது. மலைக்குப் போகிறவர்கள் அங்கே டீ குடிக்கத்தான் இறங்குவார்கள், தலையில் முடியோடு. காது குத்தை அதற்கு அப்புறம் வைத்துக்கொள். மலையில் வேண்டாம், உங்கள் ஊரிலேயே வை. உன் அண்ணன் வருவார். மடியில் வைத்துக்கொள்வார். அழுதால் அழட்டும், விட்டுவிடு. நான் வர மாட்டேன். அவன் முகத்தைப் பார்க்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. வள்ளிக்கென்று செய்து வைத்த தோட்டை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவன் காதில் போடு.

பெரிதாக்கிய படத்தைக் கழற்றிவிட்டேன். உன் படத்தை நடுவில் வெட்டி வள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று கத்தரியை வைத்தேன். கை கோத்துக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கே வெட்டினாலும் ஒருத்தர் கை போகிறது. அதனால் இரண்டு பேரையும் அப்படியே சட்டம் போட்டுவிட்டோம். அதற்கு மாலை போடவில்லை. எப்போதும் போட மாட்டோம்.

இனிமேல் கடிதம் எழுதாதே. போன் செய். முதலில் அவனைப் பேச விடு, அப்புறம் நீ பேசு. எடுப்பேனா என்று எனக்கே தெரியாது. எடுக்காவிட்டால் மறுநாளும் செய்.

உன் அண்ணி,
தேவயானி