கதவோரம் நின்ற உறுமி

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி தனேஷுக்கு அக்கா குமுதா எழுதிக்கொள்வது.

இங்கே வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எந்த முகத்தோடு கேட்பது என்றுதான் தெரியவில்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். செய்ய வேண்டியதுதான், உன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மேலேயே செய்திருப்பேன். ஜோகூருக்கு லோரி ஓட்டும் யூசுப் அண்ணன் நாளைக்கு நீ இருக்கிற பாசிர் கூடாங் பக்கம் வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு தம்ப் டிரைவ் இருக்கும். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

யூசுப் அண்ணனைப் போன வாரம் கடையில் பார்த்தேன். நீ கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்றார். சாப்பாட்டுக்குக் குறை இல்லை என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். "என் கை செத்துப் போச்சுண்ணே, இனிமே பிசியோ எதுக்கு" என்று நீ சொன்னதாகவும் சொன்னார். மணிக்கட்டுக்கான பயிற்சியை விட்டுவிட்டாயாம். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லையாம். போன வருஷம் மோட்டார் விபத்துக்குப் பிறகு உன் கையில் பிளேட் வைத்தபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பயிற்சியை விட்டால் மணிக்கட்டு இறுகிவிடும், அதன் பிறகு யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். யூசுப் அண்ணன் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் கை போய்விட்டது என்று உன்னை நம்ப வைத்தவளே நான்தானே.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கை லேட் இல்லை தம்பி. அன்றைக்கு நீ வாசித்ததில் ஒரு அடிகூட லேட் இல்லை.

அன்றைக்குக் கோவில் மண்டபத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. என் பக்கத்துக் கதையை மட்டும் கேள். நம் உறுமி மேளக் குழுவின் மைக் பெட்டியை என் வீட்டுக்காரர், உன் மச்சான், சுபாங் ஜெயா கல்யாணம் ஒன்றுக்கு இரவல் கொடுத்துவிட்டு வந்து, மிச்சமிருக்கிற மூன்று மைக் போதும், நம் பாட்டை ரெக்கார்ட் பண்ணு என்றார். ஆறு உறுமி, இரண்டு தவில், ஜால்ரா, இத்தனைக்கும் மூன்றே மைக். பிரிக்பீல்ட்ஸ் ஸ்டூடியோவில் இத்தனை வருஷம் மிக்ஸிங் செய்கிறவள் என்ற திமிர் எனக்கு. சரி என்றேன். மைக் குறைவாக இருந்தால் ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிக்க முடியாது. அதனால் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்குப் பதிலாக ஆளையே முன்னே பின்னே நிறுத்துவோம். நம் குழுவில் உன் உறுமிக்குத்தான் சத்தம் அதிகம். உன்னை மட்டும் தள்ளித் தள்ளிப் பின்கதவு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, பக்கத்தில் ஒரு மைக் வைத்தேன். மற்ற இரண்டும் முன்னால். "அக்கா, இங்கேருந்து மத்தவங்க அடி ஒழுங்கா கேக்கலக்கா" என்று நீ சொன்னாய். "அட நில்லுடா, எனக்குத் தெரியும்" என்றேன். என்ன தெரிந்தது எனக்கு? மண்ணாங்கட்டி.

வாசித்து முடித்து ஸ்பீக்கரில் போட்டதும் உன் அடி மட்டும் எல்லோருக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. உன் மச்சானுக்குச் சொல்லவா வேண்டும்? "ஆக்சிடெண்டுக்கு அப்புறம் கை போச்சுடா, ஒத்துக்கோ லா. தைப்பூசத்துக்கு உன்ன வெச்சிக்கிட்டு நான் மானம் போகவா?" என்று பசங்க எல்லார் முன்னாலும் கத்தினார். அவர் கத்தாத நாள் எது? அதை நீ தாங்கியிருப்பாய். நீ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். "அக்கா, நீ சொல்லு" என்றாய். நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி, பெரிய ஜட்ஜ் மாதிரி, "லேட்டுதான் தனேஷ்" என்றேன். நீ உறுமியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வெளியே போனாய். நான் எழுந்து பின்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

நீ ஜோகூருக்குப் பஸ் ஏறிய பிறகுதான் மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தேன். உன் அடியை அடக்கிவிட்டு வேறு யாருடையதையாவது அதன் மேல் ஒட்டிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். கேவலம், ஆனால் அதையும் மறைக்க மாட்டேன். ஒட்டுவதற்காக உன் பக்கத்தில் இருந்த மைக்கை மட்டும் தனியாகக் கேட்டேன். அதில் எல்லாம் சேர்ந்து விழுந்தது. உன் அடியும், தூரத்திலிருந்து வருகிற மற்றவர்கள் அடியும், ஒரு கை வாசித்த மாதிரி. முன் மைக்கைப் போட்டால் நீ லேட், உன் மைக்கைப் போட்டால் நீ சரி. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

சத்தம் நடந்து வருவதற்கு நேரம் பிடிக்கும். திருவிழாவில் வாசல் ஸ்பீக்கரும் தெருக்கோடி ஸ்பீக்கரும் ஒரே பாட்டை முன்னும் பின்னுமாகப் பாடுமே, அதேதான். முன்னால் அடித்தது உன் காதுக்கு வரக் கொஞ்சம் நேரம். அதைக் கேட்டு நீ சரியாக அடித்தது முன் மைக்குக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் நேரம். நீ நின்ற இடத்தில் நீ சுத்தமாக வாசித்திருக்கிறாய். அங்கே உன்னை நிறுத்தியவள் நான். இந்தத் தொழிலில் முதல் மாதம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. உன் மைக் பதிவை ஒரு நூல் முன்னால் நகர்த்தினேன், படுத்துக்கிடந்த மேளம் எழுந்து உட்கார்ந்தது.

உடனே உன்னைத் தேடி வந்திருக்க வேண்டாமா? உன் மச்சானிடம் போய்ச் சொன்னேன். "சரியாயிடுச்சுல்ல, விடு. வெளிய சொல்லாத. பசங்க முன்னால நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். உன் பெயர் போடாமலேயே பாட்டு வெளியே போனது. "பின்னால வர்ற உறுமி யாரு பாஸ், அடி பின்னுது" என்று ஊரே கேட்கிறது. அவர் சிரித்துச் சமாளிக்கிறார். நான் பக்கத்தில் நின்று மிக்ஸிங் பிரமாதம் என்ற பாராட்டை வாங்கிக்கொண்டேன் தம்பி. கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது? யூசுப் அண்ணன் உன் கையைப் பற்றிச் சொன்னது அதற்குப் பிறகுதான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இன்று காலை மண்டபத்தில் குழுவின் மேளப் பயிற்சிக்குப் போய் அதே மூன்று மைக்கை அதே இடங்களில் வைத்தேன். விளக்கிச் சொன்னால் கேட்கிற ஆளா உன் மச்சான்? ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும், நீங்கள் கதவோரம் நின்று வாசியுங்கள் என்றேன். தலைவனைப் பின்னால் நிற்கச் சொல்கிறாயா என்று முறைத்துவிட்டுத்தான் போய் நின்றார். வாசித்து முடித்ததும் ஸ்பீக்கரில் போட்டேன். ஐயோ, அந்த இழுவையை நீ கேட்க வேண்டும், நீ எவ்வளவோ தேவலை. "அண்ணே, உங்களுக்கும் ஆக்சிடெண்டா?" என்று நம் பசங்களில் செல்வகுமார் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒயரில் கோளாறு என்று மறுபடி வாசித்தார். மறுபடியும் லேட். அப்போது நான் எழுந்து நின்றேன். தனேஷ் கை நன்றாகத்தான் இருந்தது, தப்பான இடத்தில் நிறுத்தியது நான், தப்பாகத் தீர்ப்புச் சொன்னதும் நான் என்றேன். அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்த பசங்க எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டில் உன் பெயரை முதல் உறுமியாகப் போட்டாகிவிட்டது. இப்போது போட்டு என்ன பிரயோஜனம் என்று நீ கேட்பாய், கேள்.

சற்று முன்பு உன் மச்சான் என் பின்னால் வந்து நின்று இதில் ஒரு பக்கத்தைப் படித்தார். பிடுங்கிக் கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். "கையப் பாத்துக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு அதற்கு மேல் வராது.

தம்ப் டிரைவில் இரண்டு பதிவு இருக்கிறது. முதலாவது உன் மைக் மட்டும், நான் எதையும் தொடவில்லை, எதையும் நகர்த்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேள். இரண்டாவது இன்றைக்கு உன் மச்சான் வாசித்தது. அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரி, உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் நேரில் போய்ப் பேசிவிட்டேன். நாள் தவறியது பரவாயில்லை, சீக்கிரம் தொடங்கினால் கை பழையபடி திரும்பும் என்றார். இவ்வளவு தூரம் வரப் பிடிக்காவிட்டால் அங்கேயே ஜோகூர் ஆஸ்பத்திரியில் காட்டு, அவர் எழுதித் தந்த சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். எங்கள் குழுவுக்குத் திரும்பி வா என்று கேட்க எனக்கு வாயில்லை. டெங்கில் ஊர் மேளக் குழுப் பசங்க உன்னை எத்தனை நாளாகக் கூப்பிடுகிறார்கள், அவர்களோடு சேர்ந்து வாசி. தைப்பூசத்துக்கு அவர்கள் மேளம் வரும்போது நான் கூட்டத்தில் எங்காவது நின்று கேட்டுக்கொள்கிறேன். உன் கண்ணில் பட மாட்டேன். என்னோடு பேசாதே, என் வீட்டுப் படி ஏறாதே, எதுவானாலும் சரி. இதைப் படித்த மறுநாள் காலையிலிருந்து அந்த மணிக்கட்டை மட்டும் அசைக்கத் தொடங்கு சாமி. முருகன் உன் கையிலேயே இருக்கட்டும்.

அக்கா என்று போட்டுக்கொள்ள நீ இன்னும் விட்டால்,
உன் அக்கா
குமுதா