சத்தம் வராத விமானம்

என் செல்லத் தம்பி சரவணா,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. சிவகாசியில் உன் விமான விளையாட்டுக் கடையை இப்போது நான்தான் திறக்கிறேன். நம்புவாயா? அந்த இழவெடுத்த பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடு என்று தினமும் உன் உயிரை வாங்கியவள் நான்.

உன் பாடு இப்போதுதான் தெரிகிறது. விமானி அறையை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி ஒரு கேபின், உள்ளே ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளுக்காக அதைத் தூக்கி ஆட்டுகிற மோட்டார் ஓட வேண்டும். ஆள் வராவிட்டாலும் ஏசியை நிறுத்த முடியாது. கரண்டு பில்லைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எப்படியடா தனியாகச் சமாளித்தாய்?

காலேஜ் பையன்கள் ஒரு தடவை ஓட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். விமானம் மலையில் மோதினால் வெடிக்கவில்லை, திரை மட்டும் கறுப்பாகிறது, இதில் என்ன இருக்கிறது என்றார்கள். நாம் கடைசியாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "ரிப்பேரான பொம்மைக்கு எவன்லே காசு குடுப்பான்?" என்றேன். நீ சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டாய். மறுநாள் மாரடைப்பு.

போன மாதம் மதுரையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். ஒரு வயர் கழன்று கிடந்ததாம். அதை மாட்டியதும், மோதினால் காதைக் கிழிக்கிற வெடி, சிவப்பு வெளிச்சம், கேபினே குலுங்கியது. இனிக் கடை பிழைத்துக்கொள்ளும் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த ஞாயிறு தாயில்பட்டி செல்வி வந்தாள். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள், நீ இருந்தபோது லீவு நாளில் தவறாமல் வருவாளாமே. மலையில் மோதினாள், வெடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள், சரவணா. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்றுதானே ஆலையில் பழகியிருக்கிறார்கள்? பஸ் ஹாரன்கூடக் காதில் விழாமல் ரோட்டைத் தாண்டி, எதிர் டீக்கடையில் போய்த்தான் நின்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வெடி விபத்துலதான் போனாருக்கா. மொத தடவை இங்கன வந்தப்பவும் இப்படித்தான் ஓடினேன். அன்னைக்கே அண்ணன் வயரைக் கழட்டிட்டாக. எம்புட்டு தடவை மோதுனாலும் இங்கன யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல, அதுக்குத்தான் வருவேன்" என்றாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை நீ? சொல்ல நான் விட்டேனா?

அன்று சாயங்காலமே வயரைக் கழற்ற வைத்துவிட்டேன். பையன்கள் இனி வர மாட்டார்கள். கடை இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது, செல்வியும் வரவில்லை.

வருகிற ஞாயிறு தாயில்பட்டிக்குப் போய், அவள் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். வந்தால், அவள் பார்க்க நானே முதலில் ஏறி அந்த மலையில் மோதிக் காட்டுவேன். வராவிட்டால் அடுத்த ஞாயிறும் போவேன். இது உன் மேல் சத்தியம்.

கேட்காமலே திட்டிய உன் அக்கா,
முத்துமாரி