மஞ்சள் பட்டை போன கதை

வில்லிஸ்டன், வடக்கு டகோட்டா

அன்புள்ள டொரீனாவுக்கு,

இங்கே எண்ணெய்க் கிணத்துல எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைஞ்சுதா? உங்கம்மா மருந்தை ஒழுங்கா சாப்பிடறாங்களா?

நான் வாங்கின, பெரிய இன்ஜின் வெச்ச ஊதா மஸில் கார் போட்டோ அனுப்பினேனே, அதுல முன் பம்பருக்குக் கீழே மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை இருக்கும். புதுக் கார் கம்பெனியிலிருந்து லாரியில வரும்போது கீறல் விழாம இருக்க மாட்டறது. வந்ததும் கழட்டி எறியணும், ஆனா எங்களை மாதிரி கார் பைத்தியங்கள் அழகுன்னு விட்டுடுவோம். ஞாயித்துக்கிழமை பார்த்தா பட்டையைக் காணோம்.

பக்கத்து அறை வெண்டெல் மேலதான் எனக்குச் சந்தேகம். "வாழைப்பழத்தை எப்ப உரிக்கப் போறே?"ன்னு தினமும் கிண்டல் பண்றவன். நான் அவன் காருக்குள்ள குனிஞ்சு பட்டையைத் தேடிக்கிட்டிருந்தப்பவே அவன் வந்துட்டான்.

"திருடனைத் தேடறியாக்கும்? நான்தான்டா கழட்டினேன். போய் உன் பம்பரைப் பாரு."

போய்ப் பார்த்தா, பட்டை இருந்த இடத்துல மணல் புகுந்து பெயின்ட்டை அரிச்சிருக்கு. அவனே பாலிஷும் போட்டு வெச்சிருக்கான். எதுக்கு இவ்வளவு நல்லவனா இருக்கான்னு இப்ப புதுசா ஒரு சந்தேகம்.

காரைத் துடைக்க உன் பழைய ஃபிளானல் சட்டை ஒண்ணு அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கிணத்துக்குக் கூட்டிட்டுப் போற வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், கிளம்பறேன். வெண்டெல் என் கார்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொன்னான், முடியாதுன்னுட்டேன். பக்கத்து சீட்டோட பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் பிரிக்கலை, அதுல முதல்ல உட்கார வேண்டியவ இன்னும் வரலையே.

உன்,
ஆர்லோ