சமமாக இருந்த இரண்டு நாள்

செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். ஆமாம்டா, நானேதான்! எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இப்போதுதான் எழுதக் கற்றுக்கொண்டேன். கிடங்கு வாசலில் சாவி மாற்றும்போது சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதினால் படித்தே தீரணும்.

முதியோர் வகுப்பில் டீச்சர் இன்று ‘ஈக்வினாக்ஸ்’ என்று பலகையில் எழுதினாள். லத்தீனிலிருந்து வந்ததாம். முன்பாதிக்குச் சமம், பின்பாதிக்கு இரவு என்று அர்த்தம். பகலும் இரவும் ஒரே நீளமாக இருக்கும் நாள், மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. சொல்லுக்குள் பகலே இல்லை பார்த்தாயா? யாரோ இரவுக் காவல்காரன்தான் பெயர் வைத்திருக்கிறான்!

அந்த நாட்களில்தானே நாம் முறை மாறுகிறோம்? நம் காவல் வேலைக்குக் கடிகாரம் ஏது, விடிந்தால் ஒருவன், இருட்டினால் ஒருவன். ‘ராத்திரிக்கு ஆறு மாசம் நீங்க, ஆறு மாசம் நான், சரிபாதி’ என்று நாள் குறித்தவன் நீ. கோடையின் நீளப் பகல் எனக்கு. குளிர்காலத்தின் நீள இரவும் எனக்கே. இருபது வருஷமாக!

வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான் நீ என்னிடம் நியாயமாக இருந்திருக்கிறாய்.

உன் அண்ணன்


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு எழுத்து வந்ததும் என்மேலேயே வழக்கா? நல்ல டீச்சர்!

நீங்க அப்போதே கேட்டிருக்கலாமே. சரி, விடுங்க. உங்க உடம்பு பழகிய உடம்பு. எனக்கோ மூட்டுவலி. என் வீட்டுக்காரியும் ராத்திரியில் தனியாக இருக்கப் பயப்படுவாள். 22ஆம் தேதி இருட்டினதும் வழக்கம்போல வந்துவிடுங்க. உங்க கம்பளியைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 22

தம்பிக்கு,

கம்பளியை நீயே போர்த்திக்கொள்.

இந்த முறை நான் மாறப்போவதில்லை, பகலிலேயே இருக்கிறேன். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வாசலில் யாராவது ஒருவன் நின்றால் அவருக்குப் போதுமாம். பயப்படாதே, மார்ச்சில் கட்டாயம் மாறுவோம். அப்போது இரவு சுருங்க ஆரம்பிக்கும், நான் சந்தோஷமாக வருவேன். ஒரே ஒரு தடவை மாறாமல் இருந்தால் போதும், எல்லாம் தலைகீழ். டீச்சரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உன் மனைவி பயப்படுவாள் என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணியும் பயந்தாள். அவள் கண்ணை மூடுவதற்கு முந்தைய குளிர்காலத்தில், விடியும்வரை சுவரோடு பேசிக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

உன் வீட்டிலும் சுவர் இருக்கிறது.

இன்றைக்கு மட்டும் இரவு சரிபாதி. நாளையிலிருந்து வளரும்.

அண்ணன்