மேபலின் மரப்பெட்டி

வியாழக்கிழமை, மார்ச் 4

அன்பு மகள் பெவர்லிக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் கோணல் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நீ பதறியிருப்பாய், பதற வேண்டாம், உன் அம்மாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு இருமல், இரண்டும் பழைய விருந்தாளிகள், வந்தால் போகாது. நீயும் கிரெக்கும் குட்டி டாம்சினும் அந்தப் பொசுக்கும் வெயிலில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் கடிதம் எழுதுவது உன் அம்மாவின் இலாகா, நான் பிறந்தநாள் அட்டையில் கையெழுத்துப் போடுவதோடு சரி, அது உனக்கே தெரியும். ஆனால் இந்த முறை அவள் பேனாவையும் தாளையும் என் முன்னால் வைத்து, "இதை நான் எழுத மாட்டேன். நீங்க சொன்ன பொய், நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஏழு நிமிடமாகத் தேவையே இல்லாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் மேபல். கிறிஸ்மஸுக்குப் பிறகு நாலு தடவை போன் செய்தாய், நாலு தடவையும் பெற்றவர்களை விசாரிப்பதற்கு முன்னால் அவளைத்தான் விசாரித்தாய், நாலு தடவையும் நான் நன்றாக இருக்கிறாள், நன்றாகத் தின்கிறாள் என்றேன். அது உண்மையில்லை கண்ணு. உன் மேபலுக்கு உடம்பு சரியில்லை, ஒன்பது வயதான ஃபெரெட், முயல் வளைக்குள் நுழைந்து விரட்டியே தேய்ந்த உடம்பு, நம் கணக்கில் என்னைவிடக் கிழவி, இனி அவள் குணமாகப் போவதில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

புத்தாண்டு கழிந்த இரண்டாம் நாள் தோட்டத்துக் கூண்டைத் திறந்தேன். என் பூட்ஸ் சத்தம் கேட்டாலே கம்பியில் தொற்றிக்கொண்டு நிற்பவள் மூலையில் உட்கார்ந்து பலகையை முறைத்துக்கொண்டிருந்தாள், வாயோரம் எச்சில் வழிந்தது, பின்னங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தன. குளிர்தான் அடித்துப் போட்டுவிட்டது என்று நினைத்து, என் அப்பாவும் அவருடைய அப்பாவும் செய்ததையே செய்தேன், வெதுவெதுப்பான பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஒரு கரண்டி சர்க்கரைப் பாகு விட்டுக் கொடுத்தேன். அரை மணியில் எழுந்துவிட்டாள், முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளுவாளே, அந்தத் துள்ளலும் வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் மறுபடி விழுந்தாள், மறுபடி பாகு கொடுத்தேன். ஒரு கரண்டி இரண்டாயிற்று. இப்படியே மூன்று வாரம், நான் கொடுக்கக் கொடுக்க அவள் எழுவதும், எழுந்த வேகத்தில் முன்னைவிட மோசமாக விழுவதுமாக இருந்தாள், நான்தான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

நம் ஹோரஸ் வந்து பார்த்தான். நாற்பது வருஷம் என்னோடு முயலுக்கு வலை விரித்தவன், அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிப்பது, ஆனால் அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "கிளிஃப், வேலை வாங்குனவன் கையாலதான் அது போகணும், அதுதான் அதுக்கு மரியாதை. உன்னால முடியலைன்னா சொல்லுடா, நான் பண்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், ஃபெரெட்டை டாக்டரிடம் தூக்கிப் போவது பூனை வளர்க்கிறவர்கள் வேலை என்று சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். சரி ஹோரஸ், சனிக்கிழமை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை காலையில் கொட்டகைக்குப் பின்னால் அவளைக் கையில் எடுத்தும் விட்டேன். என் கட்டைவிரலை நக்கினாள். அதற்கு மேல் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றேன். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஃபெரெட்டையும் வாசப்படி தாண்ட விடாத உன் அம்மா, நாற்றம் நாற்றம் என்று என் சட்டையைக்கூட வெளியே கழற்ற வைக்கிறவள், என் முகத்தைப் பார்த்தாள், மேபலைப் பார்த்தாள், நல்ல துண்டு ஒன்றை எடுத்துவந்து சுற்றினாள். டாக்டரிடம் தூக்கிப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று இழுத்தேன். அதற்கு அவள், ஊரா இதுக்குப் பேர் வெச்சுது, உங்க பொண்ணு வெச்சா, பஸ்ஸுக்கு நேரமாச்சு கிளம்புங்க என்று விரட்டினாள். அவளை வேட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, சாவு வீட்டுக்குக் கட்டுகிற டையைக் கட்டிக்கொண்டு போனேன், வேறு டை கிடையாது. காத்திருக்கும் அறையில் ஒரு சீமாட்டி, அது என்ன நீட்டு எலியா என்று கேட்டுத் தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் உன்னைவிடச் சின்னப் பெண், ரூத் என்று பெயர், கன்றுக்குட்டி இழுத்துப் பழகிய சிவந்த கை. ரத்தம் எடுத்துப் பார்த்தாள். வயிற்றுக்குள் ஒரு கட்டி, அது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் காலி பண்ணிவிடுகிறது, அதனால்தான் விழுகிறாள் என்றாள். அப்படியென்றால் நான் பாகு கொடுத்தது நல்லதுதானே என்று பெருமையாகக் கேட்டேன் பார். அந்தப் பெண் மேபலின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "விழுந்து கிடக்கறப்போ ஈறுல ஒரு பொட்டு தடவுனா அது உசிரக் காப்பாத்தும். தினம் கிண்ணத்துல ஊத்துனா கட்டிக்குத் தீனி போட்ட மாதிரி. நோய் நீங்க குடுத்தது இல்ல மிஸ்டர் ரெய்ஸ்ட்ரிக், ஆனா இனிமே கறி மட்டும்தான்" என்றாள். பாலும் ரொட்டியும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொடுப்பது என்றேன். தெரியும், என் தாத்தாவும் அதைத்தான் கொடுத்தார் என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன் பெவர்லி, வெளியே ஆலங்கட்டி மழை, நல்லவேளை எல்லாரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தி வைக்க வயது தாங்காது என்று ரூத் சொல்லிவிட்டதால் மாத்திரைதான். பாதி மாத்திரையைப் பொடித்து ஈரல் விழுதில் குழைத்துக் காலையும் மாலையும், அது போக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைத்த கோழிக்கறி. மேபல் இப்போது சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள், கீழே விரித்திருப்பது உன்னுடைய பழைய பச்சைக் கம்பளிச் சட்டையின் கை. உன் அம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஊட்டுகிறாள், எனக்கு எப்போதாவது இப்படிக் கோழி நறுக்கித் தந்திருக்கிறாயா என்று கேட்டால், உங்களுக்குப் பல் இருக்குதே என்கிறாள். பிப்ரவரியில் மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. மேபல் உன் அம்மாவின் கையுறை ஒன்றைத் திருடிச் சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுச் சத்தம் போடாமல் அங்கேயே விட்டுவிட்டோம்.

போன வாரம் தொடங்கி மறுபடி விழுகிறாள், இரண்டு தடவை வலிப்பும் வந்தது. மருந்தைக் கூட்டலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்றாள் ரூத். எப்போது போதும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவளுக்கு உலகத்திலேயே ரொம்பப் பிடித்தது எதுவோ, அதை அவளே வேண்டாம் என்று சொல்லும் நாள் வந்தால் எனக்குப் போன் செய்யுங்கள் என்றாள். அது என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஆணியில் மாட்டியிருக்கிற அந்தத் தோல்வார் வைத்த மரப்பெட்டி, மூடியில் நீ ஆணியால் உன் பெயரைக் கீறி வைத்தாயே, அதே பெட்டிதான். அதைக் கீழே இறக்கினாலே தானாக ஓடிவந்து ஏறிக்கொள்வாள், வேட்டைக்குப் போகிறோம் என்று அவளுக்கு அர்த்தம். டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து அதை நான் தொடவே இல்லை. அவள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான், உன் அப்பன் சுரங்கத்துக்குள் இறங்கப் பயந்ததில்லை, ஒரு பெட்டியை இறக்கப் பயந்தான்.

செவ்வாய்க்கிழமை இறக்கினேன். பின்னங்காலை இழுத்துக்கொண்டு தரையெல்லாம் தாண்டி வந்தாள், இரண்டு தடவை நின்று நின்று வந்தாள், முன்னங்காலைப் பெட்டி விளிம்பில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், தூக்கி உள்ளே விட்டேன். பழைய ரயில் மேட்டுக்கு எடுத்துப் போனேன். முயல் குட்டி போடும் காலம் வந்துவிட்டது, வலையெல்லாம் மடித்து வைத்தாயிற்று, வேட்டைக்காகப் போகவில்லை, அந்த மண்ணை அவள் ஒரு தடவை மோந்து பார்க்கட்டும் என்றுதான். கழுத்தில் கயிறு கட்டி முள்மரத்துக்கு அடியில் இருக்கிற பெரிய வளை வாயில் இறக்கி விட்டேன். தலையை உள்ளே விட்டாள், மூக்கு மட்டும் வேலை செய்தது, மீசை துடித்தது. உள்ளே எங்கேயோ ஒரு முயல் காலைத் தட்டியது எனக்கே கேட்டது. முயல் சத்தம் கேட்ட பிறகு வெளியே திரும்பிய ஃபெரெட்டை நான் பார்த்ததில்லை, மேபல் அப்படிப்பட்டவளும் இல்லை. அவள் தலையை வெளியே எடுத்தாள், மெதுவாகத் திரும்பி, என்னிடம்கூட வராமல், நேராகப் பெட்டிக்கு நடந்து வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அங்கேயே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ரூத்துக்குப் போன் செய்தேன்.

இதற்கு மேல் எழுத வேண்டியது மேபலைப் பற்றி அல்ல. உனக்குப் பதினோரு வயதில் பிப் இருந்தான், உன் முதல் ஃபெரெட், கண் போய், தாடை வீங்கித் தின்ன முடியாமல் கிடந்தான். நீ பள்ளியோடு நீச்சலுக்குப் போன ஒரு காலையில் நம் வழக்கப்படி நானே முடித்தேன். செய்தது தவறில்லை, அவன் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் நீ வந்து கேட்டபோது, கடைசியாக ஒரு தடவை ரயில் மேட்டுக்கு எடுத்துப் போனேன், வளைக்குள் முயலைத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டான், வரவில்லை என்றேன். அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை நானேதான் உனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன், வைக்கோல் போட்ட பெட்டியை வளை வாயில் திறந்து வைத்துவிட்டு வந்தால், விழித்ததும் தன் பெட்டியைத் தேடிவந்து படுத்திருக்கும் என்று. நீ பெட்டியை எடுத்துப் போய் வைத்தாய். ஒன்பது நாள் பெவர்லி, பள்ளிக்குப் போவதற்கு முன்னால் ஒன்பது நாளும் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வந்தாய், ஈரலை மாற்றி மாற்றி வைத்தாய், நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டு டீ குடித்தேன். பத்தாம் நாள் நீயே பெட்டியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினாய், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு அன்றே தெரிந்துவிட்டதா, பிறகு தெரிந்ததா, இன்றும் தெரியாதா, எனக்குத் தெரியாது. பிப் நெல்லிச் செடிக்கு அடியில் இருக்கிறான். என்னை மன்னித்துவிடு.

ஆகவே இந்த முறை செய்யப்போவதை முன்கூட்டியே சொல்கிறேன். மருந்தைக் கூட்டினால் பத்துப் பன்னிரண்டு நாள் வலியில்லாமல் வைத்திருக்கலாம் என்று ரூத் சொல்கிறாள். நீ அடுத்த வாரம் ஞாயிறு போன் செய்வாய், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். மறுநாள் திங்கள் காலையில் ரூத் நம் வீட்டுக்கு வருகிறாள், ஊசி அவள் போடுவாள், கையில் வைத்திருப்பது நான். ஹோரஸிடமும் சொன்னேன், அதுவும் உன் கைதானே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான், அவனே குழி வெட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறான். உனக்கு வேறு எண்ணம் இருந்தால் ஞாயிறு சொல், கேட்கிறேன். இல்லையென்றால் போனை அவள் காதில் வைக்கிறேன், நீ கூப்பிடுகிற மாதிரி நாக்கைத் தட்டு, அவளுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அதற்குள் நிலைமை மோசமானால் காத்திருக்க வைக்க மாட்டேன், அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்வேன்.

உன் ஊரில் ஃபெரெட் வளர்ப்பதே குற்றம் என்று கிரெக் சொன்னான், டாம்சின் கேட்டால் ஒன்று வாங்கித் தருகிறேன் என்று பொய் சொல்லிவிடாதே, இல்லையென்றால் இல்லையென்று சொல்லிவிடு, பிள்ளைகள் தாங்கிக்கொள்ளும். அவளைச் செருப்பில்லாமல் புல்லில் விடாதே, பாம்பு இருக்கும். விழுந்த பல்லின் இடைவெளி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, உன் அம்மா பத்து நாளாகக் கேட்கிறாள். கிரெக்குக்கு என் அன்பு. கடவுள் உங்கள் மூன்று பேரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

மேபலையும் நெல்லிச் செடிக்கு அடியில், பிப்புக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டியோடேயே வைக்கிறேன். இனி அதை யாரும் வெளியே திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

உன் அன்பு அப்பா,
கிளிஃபர்ட் ரெய்ஸ்ட்ரிக்