டிவிகளிடம் சொன்ன துலோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? மிச்சம் பிடிப்பதற்காக மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அடிலெய்டு குளிரும் பழகிவிட்டது.

நேற்று வேலையில் ஒரு கூத்து. பிரித்தெடுக்க வந்த பழைய டிவிகளைக் கொட்டகையில் எதிரெதிராக இரண்டு வரிசை வைத்திருந்தார்கள். அவற்றின் நடுவே போகும்போது என்னையறியாமல் முதுகை வளைத்து, "துலோ, துலோ" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். மேற்பார்வையாளர் கிளென் பதறி ஓடிவந்தார்.

"என்ன பெனினா, முதுகு புடிச்சுக்கிச்சா?"

"அதெல்லாம் இல்ல கிளென். எங்க சமோவால, உக்காந்திருக்கறவங்களைக் குனிஞ்சு துலோ, அதாவது மன்னிக்கணும்னு சொல்லித்தான் தாண்டுவோம்."

"யாரு, இதுங்களா? இதுங்க செத்து வருஷக்கணக்காச்சும்மா!"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். தங்கியிருக்கும் வீட்டில் ஆளுக்கொரு ஷிப்ட். கூடத்தில் யாரும் உட்காருவதில்லை. இங்கு வந்தபிறகு அந்தச் சொல் வாயில் வந்தது நேற்றுத்தான்.

உங்கள் பழைய போன் செத்துவிட்டது என்றீர்களே, அதைக் குப்பையோடு போட்டு எரித்துவிடாதீர்கள். பேட்டரி வெடிக்கும், புகையும் நஞ்சு. பேட்டரி வீங்காமல் இருந்தால் லெமாலு மாமா இங்கே வரும்போது கைப்பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். பேட்டரியை ஒரு பெட்டியிலும் செம்பை ஒரு பெட்டியிலுமாக நானே பிரித்துப் போடுகிறேன்.

துடைத்துக் கொடுக்க வேண்டாம். பித்தான் இடுக்கில் உங்கள் விரலின் தேங்காயெண்ணெய் இருக்கும்.

பஸ் வந்துவிட்டது அம்மா.

பெனினா